நாட்டு விதை போட்டால் மஞ்சள் தேமல் வராதா?

கேள்வி: 2024 ஜனவரி 9, போரூர் வாசகி

மாடியில் போட்ட அவரை முழுக்க மஞ்சளாகிவிட்டது. கடையில் வாங்கின ஹைபிரிட் பாக்கெட்தான் காரணம் என்று நினைக்கிறேன். நாட்டு விதைக்கு இந்த வியாதியே வராது. எங்கள் பாட்டி வீட்டுக் கொல்லையில் நான் ஒரு தடவைகூட இப்படிப் பார்த்ததில்லை. அடுத்த ஆடிக்கு நாட்டு விதைதான். யாருக்காவது வேறு கருத்து உண்டா?

2024 ஜனவரி 9, இரவு

எனக்கு வேறு கருத்து உண்டு அக்கா.

முதலில் ஹைபிரிட் விஷயம். பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தாலும் அவரையில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் சாதாரண ரகம்தான். அவரை, உளுந்து, பாசிப்பயறு எல்லாம் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கிற செடிகள். உளுந்தில் பூ விரிவதற்கு முன்பே அந்த வேலை முடிந்துவிடும். அதனால் வருஷா வருஷம் இரண்டு பெற்றோரைச் சேர்த்துப் புது ஒட்டு விதை எடுப்பது கட்டுப்படியாகாது. பயறுகளில் துவரை ஒன்றில்தான் வீரிய ஒட்டு விதை வந்தது. ஹைதராபாத் பக்கம் பட்டஞ்செருவில் இருக்கும் இக்ரிசாட் நிறுவனம் கொண்டுவந்தது.

அடுத்து, 'அந்தக் காலத்தில் இல்லை' என்பது. மஞ்சள் தேமல் என்பது இலையை மஞ்சள் திட்டாக்குகிற வைரஸ் நோய். பாசிப்பயறில் அதை டெல்லியில் 1955லேயே பார்த்திருக்கிறார்கள். நரியானி என்ற ஆய்வாளர் 1960இல் அந்த நோயைப் பற்றி எழுதினார். பசுமைப் புரட்சி விதைகள் வருவதற்கு முந்தைய காலம் அது. அப்போது வயலில் இருந்தது பெரும்பாலும் நாட்டு விதை.

உங்கள் பாட்டி வீட்டில் வராமல் இருந்ததற்கு வேறு காரணங்கள் இருந்திருக்கலாம். அதை அப்புறம் எழுதுகிறேன். எனக்கு உண்மையில் சொல்ல வேண்டியது ஒன்றுதான். நாட்டு விதையா கடை விதையா என்பது இங்கே தவறான கேள்வி. எந்த வைரஸ், எந்த ஊர், அதற்கு இந்தச் செடியிடம் என்ன எதிர்ப்பு இருக்கிறது, இதைத்தான் கேட்க வேண்டும்.

2024 ஜனவரி 10

முதலில் அது வைரஸ்தானா என்று பாருங்கள். மாடியில் மஞ்சள் என்றாலே தேமல் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இரும்புச்சத்துக் குறைவு என்றால் கொழுந்து இலைகளில் நரம்பு பச்சையாக இருக்கும், நடுப்பகுதி சீராக வெளுக்கும். இடது பாதியும் வலது பாதியும் ஒரே மாதிரி இருக்கும். மக்னீசியம் குறைந்தால் அடி இலையில் ஆரம்பிக்கும். வைரஸ் அப்படிச் சீராக வராது. இளம் இலையில் ஊசி முனை அளவுக்கு மஞ்சள் புள்ளி தோன்றும், பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் இரண்டும் சேர்ந்து திட்டாகும். பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே எல்லை பளிச்சென்று தெரியும். அடுத்து வருகிற மூவிலை இன்னும் அதிக மஞ்சளோடு வரும். கடைசியில் பச்சையே இல்லாத இலை வரும். காய் சிறுத்து வளையும்.

இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். செடியைத் தட்டினால் மாவு பறக்கிற மாதிரி சின்னச் சின்ன வெள்ளைப் பூச்சிகள் எழுந்தால் அது வெள்ளை ஈ. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். மஞ்சள் தேமலைத் தூக்கிக்கொண்டு திரிவது அதுதான்.

2024 ஜனவரி 14

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து. வீட்டில் நாளைய குழம்புக்குப் பச்சை மொச்சை உரித்துக்கொண்டிருக்கிறார்கள். அவரையும் மொச்சையும் ஒரே இனம் என்று சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை. ஒன்றைத் தோலோடு சமைக்கிறோம், இன்னொன்றைக் கொட்டைக்காக உரிக்கிறோம், அவ்வளவுதான். நோயும் இரண்டுக்கும் பொது.

தாம்பரம் தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, உளுந்தில் வம்பன் 8 என்ற ரகம் மஞ்சள் நோயைத் தாங்கும் என்கிறார்களே, அதே மாதிரி அவரையிலும் வம்பன் ரகம் கேட்டு வாங்கினால் சரியாகிவிடுமா?"

ஆகாது தம்பி. பயறு வகைகளில் மஞ்சள் தேமல் என்று நாம் ஒரே பெயரில் கூப்பிடுகிற நோய்க்குப் பின்னால் நம் நாட்டில் குறைந்தது நான்கு வைரஸ்கள் இருக்கின்றன. பாசிப்பயறு மஞ்சள் தேமல் வைரஸ் ஒன்று. அதற்கு நெருங்கிய சொந்தமாக 'இந்திய' என்ற அடைமொழியோடு இன்னொன்று. கொள்ளு மஞ்சள் தேமல் வைரஸ் மூன்றாவது. அவரையைப் பிடிக்கிற மஞ்சள் தேமல் வைரஸ் நான்காவது. நான்கும் ஒரே குடும்பம், நான்கையும் வெள்ளை ஈதான் பரப்புகிறது. ஆனால் ஒன்றுக்கு எதிராக நிற்கும் மரபணு மற்றொன்றுக்கு எதிராக நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

முதல் இரண்டிலும்கூட ஊர் வித்தியாசம் உண்டு. வடக்கிலும் கிழக்கிலும் 'இந்திய' வகை அதிகம். தெற்கில் மற்றது அதிகம். அங்கே பச்சைப்பசேல் என்று நின்ற ரகம் இங்கே வந்து மஞ்சளாவது இதனால்தான். ரகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அது எந்த வைரஸை எதிர்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டதோ அது நம் ஊரில் இல்லை, வேறொன்று இருக்கிறது.

2024 ஜனவரி 17

போரூர் அக்கா போட்ட படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வைரஸ்தான், சந்தேகமில்லை. மூன்றாவது படத்தில் பின்னால் தெரிகிற வெண்டையும் மஞ்சளாக இருக்கிறது. அது வேறு வைரஸ். மஞ்சள் நரம்புத் தேமல் என்பார்கள், நரம்பெல்லாம் மஞ்சள் வலையாகத் தெரியும். வெண்டையிலிருந்து அவரைக்கு நோய் வரவில்லை. ஆனால் ஈ அங்கே தங்கிப் பெருகுகிறது. அந்தத் தொட்டியைத் தள்ளி வையுங்கள், அல்லது எடுத்துவிடுங்கள்.

2024 ஜனவரி 28

வம்பன் பற்றி நிறையப் பேர் கேட்டதால் இது நீளமாகப் போகும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் வம்பன் என்ற ஊரில் தேசிய பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அந்த இடத்துக்கு ஒரு 'சிறப்பு' உண்டு. மஞ்சள் தேமல் தானாகவே கடுமையாக வருகிற இடம் அது. விவசாயிக்கு அது சாபம். எதிர்ப்பு ரகம் தேடுகிறவருக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. நோய் வராத இடத்தில் எல்லாச் செடியும் நல்ல செடிதான்!

எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதைப் படிப்புக் காலத்தில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சோதிக்க வேண்டிய உளுந்து வரிசைகளுக்கு நடுவே நடுவே, நோய் எளிதில் பிடிக்கும் ரகத்தை ஒரு வரிசை போடுவார்கள். கோ 5 அதற்குப் பேர்போனது. வேண்டுமென்றே நோய்க்குத் தீனி போடும் வரிசை அது. மருந்து எதுவும் அடிக்க மாட்டார்கள். பூக்கிற நேரத்தில் போய் நின்றால் மஞ்சள் கோடு, பச்சைக் கோடு, மறுபடி மஞ்சள் கோடு என்று வயல் கோடு போட்ட புடவை மாதிரி கிடக்கும். மஞ்சள் வரிசையின் இலையும் பச்சை வரிசையின் இலையும் காற்றில் உரசிக்கொண்டிருக்கும். அதே ஈக்கள் இரண்டிலும் உட்காரும். ஒன்று காய்க்கிறது, மற்றது வெறும் மஞ்சளாக நிற்கிறது. மரபணு என்ற சொல்லை அதுவரை பரீட்சைக்காகத்தான் படித்திருந்தேன். அங்கே நின்றபோதுதான் அது என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்தேன்.

அந்த எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது? இங்கேதான் நாட்டு விதை ஆதரவாளர்கள் பக்கம் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது. வம்பன் 6 உளுந்தின் பெற்றோரில் ஒன்று வம்பன் 1. இன்னொன்று காட்டு உளுந்து. கொடியாகப் படரும், சின்ன விதை, காய்ந்தால் வெடித்துச் சிதறும், யாரும் பயிர் செய்ய மாட்டார்கள். அதனிடம்தான் நமக்கு வேண்டியது இருந்தது. பாசிப்பயறில் மஞ்சள் தேமலுக்காகக் கோவை ஆராய்ச்சிக்காரர்கள் அரிசிப்பயறோடு சேர்த்துப் பார்த்ததும் இதே யோசனைதான். வேறு இனம், கலப்பது கஷ்டம், ஆனாலும் எதிர்ப்பு அதனிடம் இருக்கிறது.

ஆக, காட்டிலும் பழைய விதைகளிலும் எதிர்ப்பு இருப்பது உண்மை. ஆனால் எல்லாவற்றிலும் இல்லை. எதில் இருக்கிறது என்பதை இப்படி வரிசை போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

2024 பிப்ரவரி 3

உத்திரமேரூர் பக்கம் மாமாவுக்குக் கொஞ்சம் நிலம். நெல் அறுத்த பிறகு அந்த ஈரத்திலேயே உளுந்து போடுவார். நேற்று அங்கே போயிருந்தேன்.

வம்பன் 8 என்று சொல்லித்தான் வாங்கியிருக்கிறார். வயலில் இறங்கினால் பாதிச் செடி பச்சை, பாதிச் செடி மஞ்சள். ஓரத்தில் மட்டும் மஞ்சள் என்றால் பக்கத்து வயலிலிருந்து ஈ வந்தது என்று சொல்லலாம். இது அப்படி இல்லை. ஒரு குத்தில் மூன்று செடி இருந்தால் ஒன்று முழு மஞ்சள், ஒட்டி நிற்கும் இரண்டும் சுத்தமாக இருக்கின்றன. பூ வந்த நாளும் வேறு, உயரமும் வேறு. விதை கலப்படம் என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது.

எங்கே வாங்கினீர்கள் மாமா என்றால் ஒரு கடையைச் சொன்னார். மூட்டையிலிருந்து அளந்து கொடுத்தார்களாம். சீட்டு? இல்லை. அட்டை? இல்லை. "நல்ல விதைன்னு சொன்னாங்கப்பா." அவர் மேல் கோபப்பட முடியவில்லை. விலை குறைவு, கடை பக்கத்தில், அவசரமாக ஈரம் போவதற்குள் தெளிக்க வேண்டும். கொடுத்தவர்கள் மேல்தான் கோபம். எத்தனையோ வருஷ உழைப்பில் வந்த ஒரு எதிர்ப்பு, மூட்டையில் கலந்த ஒரு நாளில் வீணாகிறது.

இதைப் படிக்கிறவர்கள் யாராவது வயலுக்கு வாங்குவதாக இருந்தால் அட்டையைப் பாருங்கள். சான்று விதைக்கு நீல அட்டை. ஆதார விதைக்கு வெள்ளை. வல்லுநர் விதைக்கு மஞ்சள். அட்டையில் பயிர், ரகம், குவியல் எண் இருக்கும். அட்டை தைத்த பை வேண்டும், அளந்து கொடுக்கும் விதை வேண்டாம்.

2024 பிப்ரவரி 4

மாமாவிடம் ஒரு வேலை சொல்லிவிட்டு வந்தேன். மஞ்சள் செடிகளை இப்போதே பிடுங்கச் சொன்னேன். பச்சையாக நிற்பதில் நல்ல காய் பிடித்த செடிகளுக்குத் துணி கட்டி, அவற்றைத் தனியாக அறுக்கச் சொன்னேன். தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் அந்த விதை அடுத்த வருஷமும் பெரிதாக மாறாமல் வரும். அதுதான் ரகம் என்பதன் நல்ல பக்கம்.

2024 பிப்ரவரி 18

மாதவரம் ஐயா கேட்டது பீன்ஸ் பற்றி. பச்சை பீன்ஸ், கோயம்பேட்டில் மலையிலிருந்தும் ஓசூர், கர்நாடகா பக்கமிருந்தும் வந்து இறங்குகிறதே, அது. சென்னை வெயிலில் அதற்குப் பூ உதிர்ந்துவிடும். ஆனால் வைரஸ் எதிர்ப்பைப் பற்றி உலகம் கற்ற பாடங்களில் பாதி இந்தச் செடியிடமிருந்து வந்தது. அதனால் எழுதுகிறேன்.

பீன்ஸ் சாதாத் தேமல் என்று ஒரு வைரஸ். இதைப் பரப்புவது வெள்ளை ஈ அல்ல, அசுவினி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி. இன்னொரு வழியும் உண்டு: விதை. நோயுள்ள செடியின் விதையில் ஒரு பங்கு நோயோடுதான் முளைக்கும். அமெரிக்காவில் 1917இல் இதை விவரித்து எழுதினார்கள். 1930களில் கார்பெட் ரெஃப்யூஜி என்ற ரகத்தில் நல்ல எதிர்ப்பு கிடைத்தது. ஒரே ஒரு ஓங்கு மரபணு. அதற்கு 'ஐ' என்று பெயர். அப்பா பக்கமோ அம்மா பக்கமோ ஒன்று வந்தால் போதும், செடி காப்பாற்றப்படும், விதையில் வைரஸ் போவதும் நின்றுவிடும். உலகம் முழுக்க பீன்ஸ் ரகங்களில் அதைச் சேர்த்தார்கள்.

இனிமேல்தான் விஷயம். அதே வைரஸுக்கு ஒரு உறவு இருக்கிறது, கருகல் தேமல் என்று சொல்லலாம். கிழக்கு ஆப்பிரிக்காவில் அதிகம். 'ஐ' மரபணு உள்ள செடியில் அது ஏறினால், செடி வைரஸை எதிர்க்கிற வேகத்தில் தன் திசுவையே கொன்றுகொள்ளும். நரம்பு கறுக்கும், தண்டுக்குள் கறுப்பு இறங்கும், வேர் வரை போகும். செடி செத்துவிடும். கறுப்பு வேர் நோய் என்றே அதற்குப் பெயர். அந்த மரபணு இல்லாத செடியாக இருந்தால் தேமலோடு குற்றுயிராகவாவது கொஞ்சம் காய் கொடுத்திருக்கும். ஒரு ஊரில் காவலாக இருந்த அதே மரபணு இன்னொரு ஊரில் செடியைக் கொல்கிறது. சாதாத் தேமலிலேயே சில வகைகள் 30 டிகிரிக்கு மேல் சூடு போனால் இதே கருகலைக் கொண்டுவரும். நம் ஊர் வெயிலை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு மருந்து இன்னொரு மரபணு, பிசி-3. இது ஒடுங்கு வகை, இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வேலை செய்யும். இது வேலை செய்யும் விதமே வேறு. வைரஸுக்குத் தன் புரதத்தைத் தானே செய்துகொள்ளத் தெரியாது, செடியின் புரதம் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் தன் வேலையை ஆரம்பிக்கும். பிசி-3 உள்ள செடியில் அந்தப் புரதத்தின் வடிவம் சற்று மாறியிருக்கிறது. செடிக்கு அதனால் ஒன்றும் குறைவில்லை. வைரஸால் பிடிக்க முடியவில்லை. சண்டை இல்லை, கருகல் இல்லை, வைரஸ் பெருகுவதே இல்லை. அதனால் இப்போது 'ஐ'யையும் பிசி-3ஐயும் ஒரே ரகத்தில் சேர்க்கிறார்கள்.

இதை எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. நாம் எதிர்ப்பு என்று ஒரே சொல்லில் சொல்வதற்குள் எதிர்த்துச் சண்டை போடுவதும் இருக்கிறது, இடமே கொடுக்காமல் இருப்பதும் இருக்கிறது. இரண்டுக்கும் பலன் வேறு, ஆபத்தும் வேறு.

2024 பிப்ரவரி 19

உளுந்தின் எதிர்ப்பு 'ஐ' மாதிரி ஓங்கு வகையா, பிசி-3 மாதிரி ஒடுங்கு வகையா என்று கேட்ட தம்பிக்கு: மஞ்சள் தேமல் எதிர்ப்பு சில கலப்புகளில் ஓங்கு பண்பாக வந்திருக்கிறது, சிலவற்றில் ஒடுங்கு பண்பாக வந்திருக்கிறது, சிலவற்றில் இரண்டு மரபணு சேர்ந்து வேலை செய்தது. எந்தப் பெற்றோர், எந்த வைரஸ் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. கொல்கத்தா போஸ் நிறுவனத்தில் உளுந்திலிருந்து சிஒய்ஆர்1 என்ற மரபணுவைப் பிரித்துக் காட்டினார்கள். அது சண்டை போடும் வகை, வடக்கு, கிழக்குப் பக்கத்து வைரஸுக்கு எதிரானது.

2024 மார்ச் 3

துவரை பற்றி யாருமே கேட்கவில்லை. ஆனால் இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

துவரையில் மலட்டுத் தேமல் என்று ஒன்று. செடி பச்சையாக, புதராக, உயிரோடு இருக்கும், பூவே வைக்காது. 1931இல் பீகாரில் பூசா என்ற ஊரிலிருந்து இதை எழுதினார்கள். எதனால் வருகிறது என்று பல பத்தாண்டுகள் யாருக்கும் பிடிபடவில்லை. வைரஸ்தான் என்று உறுதியாகப் பிடித்தது 2000 வாக்கில்தான். பரப்புவது கண்ணுக்கே தெரியாத ஒரு சிலந்திப்பேன்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னாலேயே எதிர்ப்புள்ள துவரையைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். எப்படி? ஸ்டேப்ளர். ஆபீஸில் காகிதம் குத்துகிறோமே, அதேதான். நோயுள்ள செடியின் இலையைப் பறித்து, இரண்டு இலை விட்ட கன்றின் இலையோடு சேர்த்து ஸ்டேப்ளரால் குத்திவிட வேண்டும். பழைய இலை வாடும்போது அதிலிருக்கும் பேன்கள் புது இலைக்கு இடம் மாறும். நோயும் கூடவே போகும். ஒவ்வொரு கன்றுக்கும் கட்டாயம் நோய் போய்ச் சேர்கிறது என்பதால், அதற்குப் பிறகும் பூக்கிற செடி உண்மையாகவே எதிர்ப்புள்ள செடி. 1976இல் நெனே, ரெட்டி இருவரும் இந்த முறையை எழுதினார்கள்.

எதிரி யாரென்றே தெரியாமல் எதிர்ப்பைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பெரிய கருவி எதுவும் இல்லை. எனக்கு இந்தத் துறையில் ரொம்பப் பிடித்த வேலை இதுதான்.

2024 மார்ச் 10

எதிர்ப்பு உளுந்து என்றாலே மரபணு மாற்ற விதைதான் என்று இரண்டு பேர் சூடாக எழுதியிருக்கிறார்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

பிரேசிலில் பீன்ஸும் சோறும்தான் தினசரிச் சாப்பாடு. அங்கே தங்கத் தேமல் என்று ஒரு வைரஸ், நம் மஞ்சள் தேமலுக்குச் சொந்தம், வெள்ளை ஈதான் பரப்புகிறது. இயற்கையில் கிடைத்த எதிர்ப்பு எதுவும் முழுசாகப் போதவில்லை. எம்ப்ராபா என்ற அரசு ஆராய்ச்சி நிறுவனம் வைரஸின் மரபணுவிலிருந்து ஒரு துண்டை எடுத்துச் செடிக்குள் வைத்தது. வைரஸ் தன்னைப் பெருக்கிக்கொள்ளத் தேவையான மரபணு அது. செடி அந்தத் துண்டை அடையாளமாக வைத்துக்கொண்டு, வரும் வைரஸின் மரபணுச் செய்தியை வெட்டிப் போடுகிறது. 2011இல் அங்கே அனுமதி கிடைத்தது.

அதன் பிறகு நடந்ததுதான் நான் முதலிலிருந்து சொல்லிவருவதோடு சேருகிறது. தங்கத் தேமல் நின்ற செடிகளில் இன்னொரு வைரஸ் தெரிய ஆரம்பித்தது. தட்டப்பயறு லேசான தேமல் வைரஸ். அதையும் வெள்ளை ஈதான் கொண்டுவருகிறது. முன்பு தங்க மஞ்சளுக்கு அடியில் அது மறைந்திருந்தது. எதிர்ப்பு ஒரு வைரஸுக்கு மட்டும்தான் இருந்தது, ஈ மாறவில்லை.

இந்தியாவில் மரபணு மாற்றப் பயறு எதுவும் சாகுபடிக்கு வரவில்லை. நம் உளுந்து ரகங்கள் எல்லாம் தேர்வு, கலப்பு போன்ற பழைய முறைகளில் வந்தவை. அதைப் போய் 'மரபணு மாற்ற விதை' என்று பயமுறுத்தாதீர்கள்.

2024 மார்ச் 11

சொல்ல விட்டுப்போனது. எதிர்ப்பு நிரந்தரமும் இல்லை. வெண்டையில் அர்க்கா அனாமிகா என்ற ரகம் வந்தபோது மஞ்சள் நரம்பு வராது என்று எல்லோரும் கொண்டாடினார்கள். அதற்கும் காட்டு வெண்டையிலிருந்துதான் எதிர்ப்பு வந்தது. இப்போது மாடியில் போட்டுப் பாருங்கள், அதுவும் மஞ்சளாகிறது.

2024 மார்ச் 24

கொஞ்ச நாளாக யோசித்ததை எழுதுகிறேன். எதிர்ப்பு, எதிர்ப்பு என்று இத்தனை எழுதியாயிற்று. ஆனால் சாப்பிடுகிறவர் என்ன கேட்கிறார்? மாவு பொங்குமா என்று கேட்கிறார்.

மதுரை 1 என்று ஒரு உளுந்து ரகம். மாவு நன்றாகப் பொங்கும், இட்லிக்கு அருமை என்று பெயர். ஆனால் மஞ்சள் தேமலுக்கு எளிதில் இடம் கொடுத்துவிடும். கலப்பு ஆய்வுகளில் 'நோய்க்கு ஆளாகும் பெற்றோர்' என்று அதையே எடுத்துக்கொள்வார்கள். மறு பக்கம் வம்பன் ரகங்கள். இரண்டையும் சேர்த்து, எதிர்ப்பும் மாவும் ஒன்றாக வருகிற செடியைத் தேடுவது பொறுமையான வேலை. எதிர்ப்பு மரபணுவுக்குப் பக்கத்திலேயே வேண்டாத குணங்களும் ஒட்டிக்கொண்டு வரும். காட்டு உளுந்தின் வெடிக்கும் காயும் குட்டி விதையும் கூடவே வரும். அவற்றைத் திரும்பத் திரும்பக் கலந்து கழிக்க வேண்டும்.

சென்னையில் காலை எழுந்தவுடன் ஒவ்வொரு தெருவிலும் உளுந்து மாவு ஊற்றப்படுகிறது. அந்த உளுந்தில் ஒரு பங்கு மியான்மரிலிருந்து கப்பலில் வருகிறது. நம் விவசாயி நெல் அறுத்த ஈரத்தில் போட்ட பயிர் இளம் பருவத்திலேயே மஞ்சளானால் அவருக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே தேறாது. ஒரு வருஷம் அப்படிப் போனவர் அடுத்த வருஷம் உளுந்து போட மாட்டார். இந்த மரபணு வேலை இட்லித் தட்டு வரைக்கும் வருகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

இன்னொரு யோசனையும் உண்டு. ஜனவரியில் எழுதியபோது ரகத்துக்கே முழு எடை கொடுத்தேன். ரகத்தோடு பருவத்தையும் சேர்த்துத்தான் பேச வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. எதிர்ப்பு ரகமாக இருந்தாலும் மாசி, பங்குனி வெயிலில் ஈ கூட்டம் கூட்டமாக வரும்போது இளஞ்செடியாக நின்றால் சிரமம்தான். போரூர் அக்காவின் பாட்டி வீட்டு விஷயத்துக்கு இப்போது வருகிறேன். ஆடியில் போட்ட பந்தல் அவரை மழையில் வளர்ந்து, பனியில் பூத்துக் காய்த்து, கோடை ஈ பெருகுவதற்குள் முடிந்துவிடும். பழைய அவரை பகல் குறுகினால்தான் பூக்கும் என்பதால் பட்டம், அதாவது விதைக்கும் பருவம், தப்பிப் போட்டால் பலனே இல்லை. யாரும் தப்பிப் போடவும் மாட்டார்கள். இப்போது எல்லா மாதமும் காய்க்கும் குட்டை அவரையைக் கோடையிலும் வைக்கிறோம். ஈக்கு வருஷம் முழுவதும் சாப்பாடு கிடைக்கிறது. பாட்டியின் விதையில் எதிர்ப்பு இருந்ததா என்பது தெரியாது. பாட்டியிடம் பட்டம் இருந்தது.

2024 ஏப்ரல் 7

"அப்படியானால் மாடியிலேயே நாங்கள் எதிர்ப்புச் செடியைத் தேர்ந்தெடுக்க முடியாதா?" என்று கேட்டிருக்கிறார் அக்கா. கட்டாயம் முடியும். எனக்கு இந்தக் கேள்வி ரொம்பச் சந்தோஷம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நோய் வராத செடி எல்லாம் எதிர்ப்புள்ள செடி இல்லை. ஈ அதன் மேல் உட்காராமல் தப்பியிருக்கலாம். அதனால் வலை போட்ட மூலையில் சுத்தமாக நின்ற செடியிலிருந்து விதை எடுத்தால் ஒன்றும் தெரியவராது. சுற்றிலும் எல்லாம் மஞ்சளாகி, நடுவில் ஒன்று பச்சையாக நின்று காய்த்ததே, அதிலிருந்து எடுங்கள். அடுத்த முறை அந்த விதையைக் கடை விதைக்கு நடுவே மாற்றி மாற்றி வையுங்கள், வம்பனில் செய்வது போலவே. மறுபடியும் அது மட்டும் நின்றால் உங்கள் கையில் ஏதோ இருக்கிறது. அடுத்த தலைமுறையில் பாதி மஞ்சளானால் சோர்ந்துவிடாதீர்கள். அவரையில் தேனீ கொஞ்சம் அயல் மகரந்தம் கொண்டுவரும், குணம் பிரியும். நிற்பதை மட்டும் வைத்துக்கொண்டு தொடருங்கள்.

முழு எதிர்ப்பு கிடைக்காமல், கொஞ்சம் மஞ்சள் புள்ளியோடு நன்றாகக் காய்க்கிற செடி கிடைத்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். தாங்கும் திறன் என்பதும் ஒரு குணம்தான்.

தட்டப்பயறு, காராமணி வைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் வரும் தேமல்களில் ஒன்று பீன்ஸ் சாதாத் தேமல் வகை, விதையோடு போகும். தேமல் விழுந்த காராமணியிலிருந்து விதை எடுத்து நண்பர்களுக்குக் கொடுப்பது நோயைக் கவரில் போட்டுக் கொடுப்பது போல ஆகிவிடும். விதைப் பரிமாற்றக் கூட்டங்களில் இதைச் சொல்லுங்கள். மஞ்சள் தேமல் விதையில் போகாது என்றுதான் நெடுநாள் சொல்லிவந்தார்கள். 2016இல் வந்த ஒரு ஆய்வு உளுந்து விதைக்குள்ளும் அந்த வைரஸைக் கண்டதாகச் சொல்கிறது. ஆகவே நோய்ச் செடி விதை எதுவாக இருந்தாலும் வேண்டாம்.

2024 ஏப்ரல் 8

மஞ்சளான செடியின் காயைச் சாப்பிடலாமா என்ற கேள்விக்கு: தாராளமாகச் சாப்பிடலாம். இந்த வைரஸ்கள் மனிதர்களை ஒன்றும் செய்யாது. செடியைப் பிடுங்குவதாக இருந்தால் காலையிலேயே, ஈ எழுவதற்கு முன், ஒரு பையைக் கவிழ்த்து மூடிப் பிடுங்குங்கள்.

அக்கா, ஆடிக்கு விதை போடும்போது பழைய விதை ஒரு வரிசை, கடை விதை ஒரு வரிசை போடுங்கள். இரண்டையும் புரட்டாசியில் ஒரு தடவை, மார்கழியில் ஒரு தடவை படம் எடுத்து இங்கேயே போடுங்கள். எந்த வரிசையில் எத்தனை செடி மஞ்சள் என்று எண்ணி எழுதுங்கள். தாம்பரம் தம்பியும் அதே விதையைப் பங்கு வாங்கி அவர் மாடியில் வைக்கட்டும். இரண்டு இடத்தில் ஒரே முடிவு வந்தால் பேச நிறைய இருக்கும்.